ஆராய்ச்சியில் எனக்கு என்ன வேலை, டாக்டர்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 57. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டு முன்னாலேயே தகர ஷெட் போட்டுத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ஹார்ட் வீக், பம்பிங் 30 சதவீதம்தான் என்று மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். முன்பு ஒரு நாளைக்கு நாலு ரவிக்கை தைப்பேன், இப்போது ஒன்றை முடிப்பதற்குள் ரெண்டு தடவை மிஷினை விட்டு எழுந்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன். வழக்கமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் என் போன்றவர்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கப் போகிறார்களாம். மருந்து எதுவும் தரமாட்டோம், ஊசி போடமாட்டோம், ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று எங்களோடு உட்கார்ந்து யோசனை சொல்லுங்கள், ஆய்வுக் கூட்டாளியாக இருங்கள் என்கிறார்கள். என் மகன், "உன்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், போகாதே" என்கிறான். நான் பத்தாவது வரைதான் படித்தேன். கத்திரி வெயிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிற எனக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்? முடியாது என்று சொன்னால் வைத்தியத்தில் ஏதாவது குறை வைப்பார்களா? இரண்டு வாரமாகக் கொலுசு இறுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டேன், தலையணையும் மூன்றாகிவிட்டது, வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கொலுசு விஷயம், அதை முதலில் பேசிவிடுவோம். அது வெயில் இல்லை அம்மா. கணுக்காலில் நீர் கோத்திருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுவதால் தலையணை கூடியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து வந்தால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாத ஓபி தேதிவரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். இடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நாளைக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். தையல்காரர்களுக்கு இடுப்பு வலி சகஜம், மெடிக்கலில் வலி மாத்திரை ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீர்களா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், பம்பிங் குறைவாக உள்ளவர்களுக்கு அவை ஆகவே ஆகாது. சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தால் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் ஏறிப் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர்.

சரி, இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம்.

உங்கள் மகனை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் மருந்துப் பரிசோதனைகள் நடந்த விதத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் பயப்படுவார்கள். கையெழுத்து எதற்கு என்றே தெரியாமல் போட்டவர்கள் இருந்தார்கள், அந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போய், 2013இல் நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்ட பிறகுதான் விதிகள் இறுகின. இன்றைக்கு 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன. பரிசோதனையால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதனால் தம்பி கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதை உங்களுக்கு வந்திருக்கும் அழைப்போடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

ஆராய்ச்சியில் சேருகிறவர் வேறு, ஆராய்ச்சியைச் சேர்ந்து நடத்துகிறவர் வேறு. முதல் வகையில் உங்கள் உடம்பிலிருந்து தகவல் எடுப்பார்கள், மாத்திரை தருவார்கள், ரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது வகையில் மேஜையின் இந்தப் பக்கம், எங்களோடு உட்காருகிறீர்கள். எதை ஆராய்வது, எதை அளப்பது, நோயாளியிடம் என்ன கேட்பது, எத்தனை முறை வரச்சொல்வது, ஒப்புதல் படிவத்தில் எந்தச் சொல்லைப் போடுவது, முடிவு வந்ததும் அதை யாருக்கு எப்படிச் சொல்வது, இதிலெல்லாம் உங்கள் பேச்சுக்கும் இடம் உண்டு. பிரிட்டனில் 1996இலேயே இதற்கென்று அரசு ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டது, அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டத்தின்கீழ் தொடங்கிய பிகோரி என்ற ஆய்வு நிறுவனம், நோயாளிகளை ஆய்வில் எப்படிச் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று பணம் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிறது. நம் ஊரில் இது இன்னும் அரிதுதான். உங்கள் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருக்கு இது தோன்றியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

"எனக்கு என்ன தெரியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு ரவிக்கை ஒரு ரவிக்கை ஆகிவிட்டது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களை இந்த வேலைக்குக் கூப்பிடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் இதயத்தை எப்படி அளக்கிறோம் தெரியுமா? எக்கோ எடுத்துப் பம்பிங் சதவீதம் பார்க்கிறோம். அந்த 30 சதவீதம் என்பதே உங்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நூற்றுக்கு முப்பது மார்க் வாங்கிய மாதிரி, மீதி எழுபது செத்துப்போன மாதிரி. உண்மையில் நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும், நூறு என்பது யாருக்குமே கிடையாது. அப்புறம், ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று. முப்பது மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடக்கவிட்டு, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் போனீர்கள் என்று குறித்துக்கொள்வோம். நல்ல சோதனைதான். ஆனால் உங்கள் வாழ்க்கையில் தாழ்வாரம் எங்கே வருகிறது? மிஷினை மிதிப்பது வருகிறது, துணியை வெட்டக் குனிவது வருகிறது, குடத்தைத் தூக்குவது வருகிறது. ஒரு மருந்து உங்களை நாற்பது மீட்டர் கூடுதலாக நடக்க வைத்து, ரவிக்கை எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஏறவே இல்லை என்றால், அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்ததா இல்லையா? இதற்கு எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இந்தக் குறை உலகம் முழுக்க உள்ளதுதான். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் ஜான் ஸ்பெர்டஸ் என்ற இதய மருத்துவர் நோயாளியே பதில் சொல்கிற மாதிரி 23 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார், குளிக்க முடிகிறதா, உடை மாற்ற முடிகிறதா, ஒரு மாடி ஏற முடிகிறதா, உட்கார்ந்தே தூங்க வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். மருந்து பலன் தருகிறதா என்று காட்ட இதையும் ஓர் அளவாக ஏற்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் ஒப்புக்கொண்டது. நோயாளி வாயால் சொல்வதும் ரத்தப் பரிசோதனை மாதிரி ஓர் அளவுதான் என்று ஆனது பெரிய மாற்றம். ஆனால் அந்தக் கேள்விகள் பிறந்த ஊர் வேறு, அங்கே குளியல் என்றால் ஷவருக்கு அடியில் நிற்பது. இங்கே பக்கெட்டை நகர்த்தி, குனிந்து, மக்கில் மொண்டு தலைக்குமேல் தூக்கி ஊற்ற வேண்டும். தரையில் குந்தி உட்காரும் கழிப்பறை பற்றி அந்தப் படிவத்துக்குத் தெரியாது. கோலத்தைப் பற்றித் தெரியாது.

கோலம் என்றதும் ஞாபகம் வருகிறது. "குனிஞ்சு கோலம் போட முடியல டாக்டர், மூச்சடைக்குது" என்று பெண்கள் என்னிடம் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் வயசு, உடம்பு கனம், வாயு என்று ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். 2014இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவர்கள், இதயம் தளர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டுவதுபோலக் குனிந்தால் அரை நிமிடத்துக்குள் மூச்சுத் திணறுகிறது, அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்துக்குள் அழுத்தமும் கூடுதலாக இருக்கிறது என்று அளந்து காட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பெண்டாப்னியா. அதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பெண்களின் முகம்தான் வந்தது. அவர்கள் சொன்னதை அப்போதே யாராவது நோட்டில் எழுதியிருந்தால் அந்தப் பெயரை நாம் வைத்திருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். கத்திரி வெயிலில் ஒன்றரை லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தாகத்தை நான் அனுபவித்ததில்லை, உங்களைப் போன்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இத்தனைக்கும் இந்த ஒன்றரை லிட்டர்க் கணக்குக்குப் பின்னால் உறுதியான ஆராய்ச்சி ரொம்ப நாளாக இல்லை, பழக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தோம். நெதர்லாந்தில் 504 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2025இல் முடிவு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஒன்றரை லிட்டர்க் கட்டுப்பாடு, மறு பாதிக்குக் கட்டுப்பாடு இல்லை. மூன்று மாதம் கழித்து நான் மேலே சொன்ன அந்தப் படிவத்தை வைத்துப் பார்த்தால் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தாகத்தின் அவஸ்தை மட்டும் கூடுதல். இதைப் படித்துவிட்டு நீங்களாகச் சொம்பை எடுத்துவிடாதீர்கள், குறிப்பாகக் கால் வீங்கியிருக்கும் இந்த நேரத்தில் கூடவே கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நிலையாக இருந்த வெளிநோயாளிகள். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அது நெதர்லாந்து. அங்கே மே மாதம் ஸ்வெட்டர் போடுவார்கள். திண்டுக்கல்லில் தகர ஷெட்டுக்குள், மின்விசிறிக் காற்றே அனலாக வரும்போது, வேர்வை வழிய மிஷின் மிதிக்கிற ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் சரி? இது ஓர் அருமையான ஆராய்ச்சிக் கேள்வி. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

உப்பும் இதே கதைதான். கனடாவிலிருந்து நடத்திய ஓர் ஆய்வு, ஆறு நாடுகள், 806 பேர், உப்பை நன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு. ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ மரணமோ குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் நோயாளிகள் கொஞ்சம் நன்றாக உணர்ந்தார்கள். அந்த ஆறு நாடுகளில் இந்தியா இல்லை. நம் வீட்டு உப்பு டின் சூப்பிலிருந்தா வருகிறது? அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அதிலிருந்து வருகிறது. உணவுக் கட்டுப்பாடு பற்றி ஒரு தாளைத் தயாரிக்கும்போது உங்களைப் போல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் "இதெல்லாம் நாங்க சாப்பிடறதே இல்லை, கருவாட்டை விட்டுட்டீங்களே" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு நோயாளிகளைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தோம். ரத்தம் எடுக்க வசதி, ஆய்வகத்துக்கு வசதி, எங்களுக்கு வசதி. மூன்றாவது மாதத்தில் கணிசமானவர்கள் வரவே இல்லை. நாங்கள் பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினோம். கடைசியில் ஒரு பெரியவர், நெல் வியாபாரி, வேறு ஏதோ வேலையாக வந்தவர் விளக்கினார். அவர் ஊரிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு, ஒன்றரை மணி நேரப் பயணம், காலையில் லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையைப் போட்டுவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டும், எங்கே இறங்குவது? அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளெல்லாம் அவர் நீர் மாத்திரையைப் போடுவதே இல்லை. அதாவது, அவர் உடம்பில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நாங்கள் அளந்த நாட்களில் அவர் மருந்தே சாப்பிடவில்லை! நாங்கள் அளந்து வைத்த எண்களுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். பயண நாளில் மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போடலாமா என்று கேட்டிருந்தால் நாங்கள் நேரத்தை மாற்றித் தந்திருப்போம். அவருக்குக் கேட்கலாம் என்று தெரியவில்லை, எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த ஆய்வை வரைந்த மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிட வேலை அது. (உங்களுக்கும் இந்தப் பஸ் பிரச்சினை இருந்தால் மாத்திரையைத் தவிர்க்காமல், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.)

சொற்களிலும் உங்கள் உதவி வேண்டும். நாங்கள் எழுதும் படிவங்களில் "இதயச் செயலிழப்பு" என்று போடுகிறோம். அகராதிப்படி சரிதான், ஆனால் அதைப் படிக்கிறவர்களுக்கு இதயம் நின்றுவிட்டது என்றுதான் கேட்கும், கையெழுத்துப் போடும் இடத்திலேயே கண் கலங்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே கடிதத்தில் "ஹார்ட் வீக்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அது சரியான பொருளையும் தருகிறது: இதயம் துடிக்கிறது, வேலை செய்கிறது, பலம் குறைந்திருக்கிறது. அதேபோல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் மருந்தில்லாத மாத்திரையைப் "போலி மாத்திரை" என்று மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள். போலி என்றால் நமக்குப் போலி டாக்டர், போலிப் பத்திரம், ஏமாற்று வேலை என்றுதானே அர்த்தம்? யார் சம்மதிப்பார்கள்? இந்த இடங்களில் பத்தாவது படித்த உங்கள் காது, மேற்படிப்புப் படித்த எங்கள் காதைவிடக் கூர்மையானது. படிப்பைப் பற்றிய கவலையை இதோடு விடுங்கள். மருத்துவம் தெரிந்தவர்கள் அந்த அறையில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நோயாளி சொல்லி நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. முடக்குவாத ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் கூடும் மாநாட்டுக்கு 2002இல் முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தார்கள், ஆஸ்திரேலியாவில். அதுவரை மூட்டு வலியையும் வீக்கத்தையும் அளந்துகொண்டிருந்தவர்களிடம், எங்களைப் படுத்துவது அசதி, எழுந்திருக்கவே முடியாத அசதி, அதை ஏன் நீங்கள் கேட்பதே இல்லை என்றார்கள் நோயாளிகள். சில வருஷங்களில் முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று அந்த மாநாடே பரிந்துரைத்தது. நம் இதய விஷயத்திலும் ஒன்று உண்டு. இதயம் தளர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி நல்லது என்று தெரிந்தும் பயிற்சி மையத்துக்கு யாரும் வருவதில்லை, என்ன செய்வது என்று பிரிட்டனில் யோசித்தவர்கள், கார்ன்வால் பகுதியில் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டாரையும் ஒரு குழுவாகக் கூட்டி, அவர்களோடு சேர்ந்தே வீட்டில் செய்கிற ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். ரீச்-ஹெச்எஃப் என்று பெயர். கையேடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சிகள், அப்புறம் வீட்டாருக்கென்றே தனியாக ஒரு புத்தகம். 216 பேரிடம் சோதித்தபோது, ஒரு வருஷம் கழித்து அந்தத் திட்டத்தில் இருந்தவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. வீட்டாருக்கான அந்தப் புத்தகம்தான் எனக்குப் பிடித்தது. இரவு மூன்று மணிக்கு நீங்கள் மூச்சு முட்டி எழுந்தால் உங்களோடு எழுகிறவர் யார்? உங்கள் கணவரா, மருமகளா? அவரையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள்.

நம் நாட்டுக்கு இது இன்னும் அவசரம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் 2013இல் அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த இதயத் தளர்ச்சி நோயாளிகள் 1205 பேரைப் பதிவுசெய்தார்கள். சராசரி வயது 61. மேலை நாட்டுப் பதிவேடுகளைவிடச் சுமார் பத்து வயது குறைவு. அங்கே ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு வருகிற நோய் இங்கே இன்னும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறவருக்கு, பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண வேண்டியவருக்கு வருகிறது. அதே பதிவேட்டில் இன்னொன்று: பம்பிங் குறைந்தவர்களில் நால்வரில் ஒருவர்தான் வீட்டுக்குப் போகும்போது, அன்றைக்குத் தேவை என்று கருதப்பட்ட மூன்று வகை மருந்துகளையும் சீட்டில் எழுதி வாங்கிப் போனார். மிச்சம் மூவருக்கு ஏன் எழுதவில்லை, எழுதியதையும் எத்தனை பேர் தொடர்ந்து வாங்கிச் சாப்பிட்டார்கள், எதை எதற்காக நிறுத்தினார்கள், காசா, தலைசுற்றலா, "எத்தனை மாத்திரைதான்" என்ற வெறுப்பா? இதையெல்லாம் கணினியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆக, போங்கள் என்பதே என் பதில். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். சில இடங்களில் நோயாளியைக் கூட்டாளி என்று கூப்பிட்டு, எல்லாம் முடிவான பிறகு ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிற பழக்கமும் இருக்கிறது, அதற்கு நீங்கள் ஒரு நாள் தையல் கூலியை இழக்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: ஆராய்ச்சியின் திட்டம் எழுதி முடிந்துவிட்டதா, இனிமேல்தானா? நான் சொல்லி எதை மாற்ற முடியும்? சொன்னதை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எனக்குச் சொல்வீர்களா? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் உட்காருங்கள். மழுப்பினால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். பத்து டாக்டர்களுக்கு நடுவில் ஒற்றை நோயாளியாக உட்கார்ந்தால் யாருக்கும் வாய் வராது, குறைந்தது இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவராவது ரொம்ப முடியாதவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் கூட்டத்துக்கு வந்துபோக முடிகிறவர்களின் குரல் மட்டுமே கேட்டால் வரமுடியாதவர்களின் கஷ்டம் விட்டுப்போகும், அவரைப் போனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் செலவு, அன்றைய கூலி இரண்டையும் தருவார்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், பிரிட்டனில் நோயாளிக் கூட்டாளிகளின் நேரத்துக்குப் பணம் தருவது வழக்கம். கூட்டம் தமிழில் நடக்க வேண்டும், தாள்கள் முன்கூட்டியே தமிழில் வர வேண்டும், உங்கள் நீர் மாத்திரை நேரம் பார்த்துக் கூட்டத்தை வைக்க வேண்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், இதெல்லாம் சலுகையில்லை. ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கினார்களா, இல்லை இனிமேல்தான் வாங்கப் போகிறார்களா என்றும் கேளுங்கள். அந்தக் குழுவிலேயே மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது, தம்பிக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும். பின்னால் இதே ஆய்வில் நோயாளியாகவும் சேரச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அது தனி முடிவு, தனிப் படிவம், தனியாக யோசித்துச் சொல்ல வேண்டியது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். அந்தக் கூட்டங்களில் நாங்கள் மரணத்தைப் பற்றி ரொம்பச் சாதாரணமாகப் பேசுவோம். ஒரு வருஷத்தில் எத்தனை சதவீதம் பேர் இறப்பார்கள் என்று கணக்குப் போட்டால்தான் எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்று தெரியும், அதனால் காபி குடித்துக்கொண்டே அந்த எண்ணைச் சொல்வோம். நீங்கள் அதே நோயோடு எதிரில் உட்கார்ந்திருப்பீர்கள். அது உங்களைப் பற்றிய எண் இல்லை, கும்பலைப் பற்றியது, உங்களுக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது, இதெல்லாம் உண்மைதான், ஆனாலும் கேட்கும்போது நெஞ்சில் குத்தும். அப்படிப் பேசப் போகும் நாளை முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதிக்கு எழுந்து வெளியே போய்விடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு கனத்தால் குழுவில் யாரைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஒரு பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொன்னால் வைத்தியத்தில் குறை வைப்பார்களா? வைக்கக்கூடாது. சொல்லப்போனால் அழைத்தவரே உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவராக இருந்தால் முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது, அதனால் ஆய்வுக் குழுவில் உள்ள வேறொருவரிடம், நர்ஸிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ, உங்கள் பதிலைச் சொல்லலாம். சேர்ந்த பிறகு உடம்பு முடியாமல் போனால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், இரண்டு மாதம் விட்டுவிட்டு மறுபடி வரலாம். இந்த நோய் நல்ல நாளும் கெட்ட நாளுமாக வருவது, அதற்குத் தகுந்த மாதிரி குழுதான் வளைந்துகொடுக்க வேண்டும்.

நாளைக்குக் கால் வீக்கத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், அதுதான் முதலில். நீர் வடிந்து, தலையணை பழையபடி குறைந்து, கொலுசு மறுபடி காலில் ஏறிய பிறகு முதல் கூட்டத்துக்குப் போனால் போதும், அவர்கள் காத்திருப்பார்கள். போகும்போது உங்கள் ஆர்டர் நோட்டைப் பார்த்து, அட்டாக் வருவதற்கு முந்தைய மாதத்திலிருந்து இன்றுவரை மாதம் எத்தனை ரவிக்கை முடித்தீர்கள், எந்த மாதம் கடையே திறக்கவில்லை, எந்த மாத்திரை மாறிய பிறகு எண்ணிக்கை கூடியது அல்லது குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டையே கொடுத்துவிடாதீர்கள், அதில் உங்களிடம் தைக்கக் கொடுத்தவர்களின் பெயரும் அளவும் இருக்கும்.